தொண்ணூற்றொன்பதில் நிற்கும் கோடு

சென்னையைத் தொட்டு வரும் கடலடிக் கண்ணாடி இழை ஒன்று மலாக்காவில் கரையேறுகிறது. சீ-மீ-வீ 4 என்பது அதன் பெயர். சிங்கப்பூரிலிருந்து பிரான்சின் மார்சேய் வரை ஏறத்தாழ 18,800 கிலோமீட்டர் நீளம். 2005ஆம் ஆண்டின் இறுதியில் இயங்கத் தொடங்கிய இந்த வடத்துக்குச் சென்னையும் கொழும்பும் மலாக்காவும் துறைகள். பதினோராண்டு கழித்து வந்த சீ-மீ-வீ 5 வடமும் மலாக்காவில்தான் மலேசிய மண்ணைத் தொட்டது. ஒரு காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் வணிகர்கள் துணிமூட்டைகளோடு வந்திறங்கிய நீரிணைக் கரையில் இன்று ஒளித்துடிப்புகள் வந்திறங்குகின்றன.

சென்னைக்கும் மலாக்காவுக்கும் நேர்த்தொலைவு சுமார் 2,700 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 200,000 கிலோமீட்டர் போகும். வடம் நேராகவே ஓடினால் ஒரு சேதி போய்த் திரும்ப நொடியின் ஆயிரத்தில் 27 பங்கு போதும். கண்ணிமைக்க அதைவிட அதிக நேரம் பிடிக்கிறது.

ஆனாலும் மலாக்காவின் ஜாசினுக்கு அப்பால் ஒரு தோட்டக் குடியிருப்பில், பள்ளிப் பாடக் காணொளியைப் பதிவிறக்கம் செய்யும் பிள்ளையின் கைத்தொலைபேசியில், எத்தனை விழுக்காடு வந்தது என்று காட்டும் கோடு மெல்ல நகர்ந்து 99இல் வந்து நின்றுவிடுகிறது. வடத்தில் வந்த வேகம் கடைசிச் சில கிலோமீட்டரைக் காற்றில் கடக்கவேண்டும். கோபுரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே செம்பனை மட்டைகள், மேடுகள், மழை. 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிப் பள்ளிகள் மூடியபோது, மெர்லிமாவிலும் அலோர் காஜாவிலும் டுரியான் துங்கலிலும் பிள்ளைகளின் வகுப்பறையே அந்தச் சிறு திரையாகிவிட்டது. அன்று பலர் வேகத்தைப் பற்றிப் பேசினார்கள். பேசவேண்டியதுதான். ஆனால் வேகம் கோபுரத்தைப் பொறுத்தது, முதலீட்டைப் பொறுத்தது. மென்பொருள் எழுதுபவர் அந்த வீட்டுக்கு இன்றே கொடுக்கக்கூடியது வேறொன்று இருக்கிறது: உண்மையான கணக்கு. எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி, வந்தது பத்திரமாக இருக்கிறதா? டாப்-அப் செய்து தரவு வாங்கும் குடும்பத்துக்கு இந்த மூன்று கேள்வியும் காசு தொடர்பானவை. அந்தக் கோட்டுக்குப் பின்னால் யார் எண்ணுகிறார்கள், எதை எண்ணுகிறார்கள் என்பதை விளக்கமாகப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுவதும் அதனால்தான்.

இப்படியொரு கோடு மனிதருக்கு எவ்வளவு தேவை என்பதை ஆய்வாகச் செய்து காட்டியவர் பிராட் மையர்ஸ். 1985இல், டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது, 48 சக மாணவர்களைக் கணினித் தரவுத்தளத்தில் தேடச் சொன்னார். சில தேடல்களில் கோடு தெரியும், சிலவற்றில் தெரியாது. கோடு இருப்பதே பிடித்திருக்கிறது என்றவர்கள் 86 விழுக்காட்டினர். கோடு கொஞ்சம் தப்பாகக் காட்டினாலும், ஒன்றும் இல்லாததற்கு அது மேல் என்றே நினைத்தார்கள்.

அந்தக் கடைசிக் கண்டுபிடிப்பை மென்பொருள் உலகம் தனக்கு வசதியாக எடுத்துக்கொண்டது. 2007இல் கிறிஸ் ஹாரிசனும் உடனாய்வாளர்களும், ஒரே நேரம் எடுக்கும் கோடுகளில் எது விரைவாகத் தோன்றுகிறது என்று சோதித்தார்கள். முடிவை நெருங்கும்போது விரைவெடுக்கும் கோடுதான் கண்ணுக்கு வேகமாகப் பட்டது. கடைசியில் தயங்கி நிற்பது மிகவும் எரிச்சலூட்டியது. 2010இல், கோட்டுக்குள் பின்னோக்கி ஓடும் வரிகளைப் போட்டால் காத்திருப்பு 11 விழுக்காடு குறைந்ததுபோல் தோன்றும் என்றும் கண்டார்கள். அருமையான உளவியல். ஆனால் கணினிக்குள்ளேயே நடக்கும் வேலைக்குப் பொருந்துவது, தரவுக்குக் காசு கொடுக்கும் பதிவிறக்கத்துக்குப் பொருந்தாது. 40 விழுக்காடு வந்திருக்கும்போது 30 என்று காட்டிவிட்டுக் கடைசியில் பாய்வது ஒருவரின் முடிவைத் திசைதிருப்புகிறது. மீதமுள்ள தரவு போதுமா, நிறுத்திவிடலாமா என்று அவர் அந்த எண்ணைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்.

சரி, எண்ணுவது யார்? பதிவிறக்க மென்பொருள்கள் ‘ஒத்திசையா’ முறையில் எழுதப்படுகின்றன. இதைப் புரிந்துகொள்ள மலாக்காக்காரர்கள் வெகுதூரம் போகவேண்டாம். 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டது இதே மாநிலத்தில்தான். அதன்பின் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் இங்கே பால்மரம் வெட்டினார்கள். விடியுமுன் காட்டுக்குப் போனவர் ஒரு மரத்தைச் சீவிவிட்டு, மங்கு நிறையும்வரை அதன் அடியிலேயே நிற்கவில்லை. சீவினார், மங்கைச் சரிசெய்தார், நிரையில் அடுத்த மரத்துக்குப் போனார். நானூறு ஐந்நூறு மரம் முடித்தபின் வாளியோடு முதல் மரத்துக்குத் திரும்பினார். ஒவ்வொரு மரமும் தன்தன் வேகத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. ஆள் எங்கும் காத்து நிற்கவில்லை.

பழைய முறையில் எழுதிய நிரல் மரத்தடியில் நிற்கும் ஆளைப் போன்றது. வலையிலிருந்து தரவு கேட்டால், அது வரும்வரை அடுத்த வரிக்குப் போகாது. திரையை வரைவதும், தொடுதலுக்குப் பதில் சொல்வதும் பெரும்பாலான செயலிகளில் ஒரே இழையின், அதாவது நிரலுக்குள் வரிசையாக ஓடும் ஒரே செயலோட்டத்தின், வேலை. அந்த இழை வலைக்காக நின்றுவிட்டால் திரை உறைந்துபோகும். நிறுத்து என்ற பொத்தானும் வேலை செய்யாது. ஆகவே தரவு கேட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய், எந்த இணைப்பில் சரக்கு சேர்ந்திருக்கிறது என்று இயக்குதளத்திடம் கேட்டு, சேர்ந்ததை மட்டும் எடுக்கும் முறை வந்தது. 1983இல் வெளிவந்த பெர்க்லி யூனிக்ஸில் இதற்கு ‘செலக்ட்’ என்ற அழைப்பு இருந்தது. 2002 வாக்கில் லினக்ஸில் வந்த ‘ஈ-போல்’ ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் களைக்காமல் கவனித்தது.

இப்போது பத்து மணிக்குக் கங்காணி வந்து, “எவ்வளவு ஆச்சு?” என்று கேட்டால் என்ன பதில்? மரத்தை எண்ணினால் எல்லாம் வெட்டியாயிற்று. பாலை அளந்தால் வாளியில் ஒரு சொட்டும் இல்லை. இரண்டும் உண்மை. பதிவிறக்கத்திலும் இதே கேள்விதான் முதலில் வருகிறது. 20 கோப்புகளில் 19 வந்துவிட்டால் 95 விழுக்காடு என்று சில செயலிகள் காட்டும். வராத அந்த ஒன்று 300 மெகாபைட் காணொளியாகவும், வந்த பத்தொன்பதும் ஒரு பக்கப் பயிற்சித் தாள்களாகவும் இருந்தால், உண்மையில் பதிவிறக்கம் இன்னும் தொடங்கவே இல்லை. 99இல் நிற்கும் கோடுகளில் பாதி இப்படி அலகைத் தவறாகத் தேர்ந்ததால் வந்தவை என்பது என் கருத்து.

பைட்டை எண்ணுவது என்று முடிவுசெய்தாலும் வகுக்கும் எண் வேண்டும். மொத்தம் எவ்வளவு? இதைக் கோப்பை அனுப்பும் வழங்கிதான் சொல்லவேண்டும். எச்.டி.டி.பி. நெறிமுறையில் பதிலின் தலைப்பில் ‘கன்டென்ட்-லென்த்’ என்று ஒரு வரி வரும். இத்தனை பைட் அனுப்பப்போகிறேன் என்ற வாக்கு அது. எப்போதும் அந்த வாக்கு கிடைக்காது. மாணவர் கேட்ட நொடியில் உருவாக்கி அனுப்பும் அறிக்கை போன்றவற்றுக்கு நீளம் வழங்கிக்கே தெரியாது. 1997இல் வரையறுக்கப்பட்ட எச்.டி.டி.பி. 1.1 இதற்காகவே துண்டு துண்டாக அனுப்பி, கடைசியில் பூஜ்ய நீளத் துண்டு ஒன்றால் முடிவைத் தெரிவிக்கும் வழியைக் கொடுத்தது. அப்படி வரும் கோப்புக்கு விழுக்காடு என்பதே கிடையாது. 4.2 மெகாபைட் வந்திருக்கிறது என்று மட்டும் சொல்வதே நேர்மை. ஆனால் கற்பனையாக ஒரு மொத்தத்தை வைத்துக்கொண்டு 90 வரை விறுவிறுவென ஓட்டிவிட்டு, பிறகு அங்குலம் அங்குலமாக நகர்த்தும் செயலிகள் உண்டு. அந்த 90 யாரும் அளக்காத எண்.

மொத்தம் தெரிந்தும் ஏமாறுவதுண்டு. வழங்கி பக்கத்தைச் சுருக்கி அனுப்பும்போது அது சொல்லும் நீளம் சுருக்கிய வடிவத்தின் நீளம். உலாவி அதை விரித்துக் கொடுத்தபின் நிரல் எண்ணுவது விரிந்த பைட்டுகளை. நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிய உரைக்குக் கோடு 400 விழுக்காடு வரை போகும். நூறைத் தாண்டினால் நூறு என்று காட்டு என ஒரு வரி சேர்த்துப் பலர் இந்தப் பிழையை மூடி மறைக்கிறார்கள். கோடு கால்வாசி நேரத்திலேயே நூறுக்குப் போய், மீதி முக்கால் நேரமும் அங்கேயே நிற்கும்.

தமிழுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. மலாக்கா என்ற சொல்லைச் சொல்லக் கேட்டால் நமக்கு ம, லா, க், கா என நான்கு எழுத்து. ஒருங்குறியில் அது ஏழு குறிகள்: மகரம், லகரம், அதன் துணைக்கால், ககரம், அதன் புள்ளி, மீண்டும் ககரம், மீண்டும் துணைக்கால். இணையத்தில் இன்று பெரும்பாலும் புழங்கும் யூ.டி.எஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். ஆக 21 பைட். ஊரின் பெயரை மலாய் மொழியில் ரோமன் எழுத்தில் எழுதினால் ஆறு எழுத்து, ஆறு பைட், முடிந்தது.

இப்போது ஒரு நிரலர், வந்து சேர்ந்த உரையின் குறிகளை எண்ணி, வழங்கி சொன்ன பைட் நீளத்தால் வகுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலப் பக்கத்தில் சோதிக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். கோடு நூறைத் தொடும். அதே நிரல் தமிழ் நாவல் ஒன்றை இறக்கினால், முழு நாவலும் வந்து சேர்ந்த பின்னும் கோடு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியவுடன் நின்றுவிடும். தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து எழுதும் நம் தமிழ்ப்பள்ளிச் சுற்றறிக்கையில் அது மலாய்ப் பத்தியில் ஓடும், தமிழ்ப் பத்தியில் தவழும். கற்பனைச் சிக்கல் இல்லை இது. உலாவியில் வந்த உரையின் நீளத்தைக் கேட்டால் கிடைப்பது குறிகளின் எண்ணிக்கைதான், பைட் இல்லை. ஆங்கிலம் மட்டும் தெரிந்த சோதனைக்கு இந்தப் பிழை கண்ணில் படவே படாது. மலேசியாவில் மூன்று மொழியில் வளர்ந்த ஓர் இளம் நிரலருக்கு உடனே படும்.

கூடவே இன்னொன்று. தரவு துண்டு துண்டாக வரும்போது, துண்டின் எல்லை எழுத்தின் எல்லையில் விழவேண்டும் என்று கட்டாயமில்லை. ககரத்தின் மூன்று பைட்டில் இரண்டு இந்தத் துண்டின் கடைசியிலும், மூன்றாவது அடுத்த துண்டின் தலையிலும் இருக்கலாம். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே எழுத்தாக மாற்றினால் அந்த இடத்தில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி முளைக்கும். தமிழ்ப் பக்கங்களில் ஆங்காங்கே ஓர் எழுத்து மட்டும் சிதைந்திருப்பதைப் பார்த்தவர்கள் பலர். அதற்கு ஒரு காரணம் இது. பாக்கி பைட்டுகளைக் கையில் வைத்திருந்து அடுத்த துண்டோடு சேர்த்துப் படிக்கும் மாற்றிகள் பெரும்பாலான நிரல்மொழிகளில் இருக்கின்றன. பயன்படுத்தினால் போதும். எண்ணிக்கையைப் பைட்டில் வை, எழுத்தாக மாற்றுவதைத் தனியே வை.

இனி மீதி நேரம். வந்த பைட் அளந்த உண்மை. மீதி நேரமோ ஊகம். இந்த இரண்டையும் ஒரே எழுத்தளவில் ஒரே உறுதியோடு அச்சிடுவதை நான் ஏற்கவில்லை. ஊகத்தில் எங்கே சறுக்குகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

இணையத்தின் டி.சி.பி. நெறிமுறை எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் அனுப்பாது. அதற்குக் காரணம் 1986இல் நடந்த ஒரு நெரிசல். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே தொலைவு ஏறத்தாழ நானூறு கஜம்தான். அந்தத் தடத்தில் நொடிக்கு 32,000 பிட்டாக இருந்த வேகம் திடீரென வெறும் 40 பிட்டுக்குச் சரிந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் தள்ளியதால் யாருக்கும் வழியில்லாமல் போனது. வான் ஜேக்கப்சன் இதை ஆராய்ந்து 1988இல் கொடுத்த தீர்வில் ஒன்று ‘மெல்லத் தொடங்கு’. முதல் சுற்றில் சில பொட்டலம் மட்டும் அனுப்பு. அவை சேர்ந்ததற்கு ஒப்புதல் வந்தால் அடுத்த சுற்றில் இரட்டிப்பாக்கு. 2013 பரிந்துரைப்படி முதல் சுற்றில் பத்துப் பொட்டலம், சுமார் 14,600 பைட்.

பதிவிறக்கம் செய்யும் கோப்பு 120 மெகாபைட் பாடக் காணொளி, அது இருப்பது அமெரிக்க வழங்கியில், போய்வர 200 மில்லி நொடி என்று கொள்வோம். முதல் சுற்றில் 14,600 பைட் என்றால் நொடிக்கு 73,000 பைட். அந்த வேகத்தை நம்பி மீதி நேரம் சொன்னால் 27 நிமிடம். ஐந்தாவது சுற்றில், அதாவது முதல் நொடி முடிவதற்குள், பதினாறு மடங்கு வேகம். இப்போது கணக்கிட்டால் ஒன்றே முக்கால் நிமிடத்துக்கும் குறைவு. பதிவிறக்கம் தொடங்கியவுடன் பயமுறுத்தும் ஒரு நேரம் தோன்றி மளமளவெனக் குறைவதன் காரணம் இதுதான். முதல் சில நொடிக்கு மீதி நேரமே சொல்லாமல் ‘கணக்கிடுகிறேன்’ என்று வைத்திருப்பது பொறுமையான மென்பொருளின் அடையாளம்.

நடுவழியில் வேகம் மாறினால்? அதே 120 மெகாபைட்டில் முதல் 30 நொடியில் 30 மெகாபைட் வந்துவிட்டது. அப்போது மழை கொட்டுகிறது. வேகம் பத்தில் ஒரு பங்காகிறது, நொடிக்கு 0.1 மெகாபைட். பத்து நொடி கழித்து நிலவரம்: 40 நொடியில் 31 மெகாபைட், பாக்கி 89. தொடக்கத்திலிருந்து சராசரி எடுக்கும் செயலி, வேகம் 0.775 என்று நினைத்து 115 நொடி என்கிறது. இந்த நொடியின் வேகத்தை மட்டும் பார்க்கும் செயலி 890 நொடி என்கிறது. மழை விடாவிட்டால் பின்னது சரி. ஆனால் அடுத்த நொடியில் ஒரு காற்று வீசி வேகம் கூடினால் அதன் பதில் தாறுமாறாகக் குதிக்கும்.

நடுவழி ஒன்று இருக்கிறது. பழைய மதிப்பீட்டில் எட்டில் ஏழு பங்கும் புதிய அளவீட்டில் எட்டில் ஒரு பங்கும் சேர்த்துப் புதிய மதிப்பீடாக வைத்துக்கொள்வது. சேதி போய்வரும் நேரத்தைக் கணிக்க ஜேக்கப்சன் டி.சி.பி.க்குக் கொடுத்த வாய்ப்பாடும் இதே எட்டில் ஒன்றுதான். நம் எடுத்துக்காட்டில் பத்து நொடியில் மதிப்பீடு 1இலிருந்து 0.337க்கு இறங்கி, மீதி நேரம் 264 நொடி என்று வரும். அதுவும் சரியில்லை, ஆனால் சரியான திசையில் ஒவ்வொரு நொடியும் திருந்திக்கொண்டே போகும், துள்ளாமல். பங்கைக் கூட்டினால் விரைவில் உணரும், அதிகம் ஆடும். குறைத்தால் அமைதியாக இருக்கும், தாமதமாக உணரும். கம்பிவழி அகண்ட அலைவரிசை வந்த மலாக்கா நகர வீட்டுக்கும் புக்கிட் ஆசஹான் பக்கத்துக் கைத்தொலைபேசிக்கும் ஒரே பங்கு பொருந்தும் என்று நான் நம்பவில்லை.

எண்ணியாயிற்று, எண்ணியதைத் திரைக்குச் சொல்லவேண்டும். வலையைக் கவனிக்கும் பகுதி ஒன்று, திரையை வரையும் பகுதி வேறொன்று. 16 கிலோபைட் வீதம் படிக்கும் நிரல், ஒவ்வொரு முறையும் திரைக்கு அறிக்கை அனுப்பினால், ஒரு ஜிகாபைட் கோப்புக்கு 65,536 அறிக்கை. சாதாரணத் திரை நொடிக்கு 60 முறைதான் புதுப்பிக்கிறது. மனிதக் கண்ணுக்கு நொடிக்குப் பத்து முறையே தாராளம். மலிவான கைத்தொலைபேசியில் அறிக்கைகளின் வரிசை நீண்டு, பதிவிறக்கம் முடிந்த பிறகும் கோடு பழைய அறிக்கைகளைப் படித்துக்கொண்டு மெல்ல நகரும். எண்ணுவதே வேலையைத் தாமதப்படுத்திவிடும்.

எனவே இடையிலுள்ள அறிக்கைகளை விட்டுவிடவேண்டும். இங்கே ஒரு நுட்பம்: அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தே விடலாமா கூடாதா என்பது. ‘இன்னும் 16 கிலோபைட் வந்தது’ என்று எழுதிய அறிக்கை ஒன்று தவறினாலும் கூட்டல் கடைசிவரை தப்பாகும். ‘இதுவரை மொத்தம் 31 மெகாபைட்’ என்று எழுதினால் நூறில் தொண்ணூறைத் தூக்கிப் போட்டாலும் அடுத்தது எல்லாவற்றையும் சரிசெய்துவிடும். வெவ்வேறு இழைகள் வழியே போகும் அறிக்கைகள் முன்பின்னாகச் சேரலாம். 64 வந்தபின் 63 வரும். மொத்தத்தைச் சொல்லும் அறிக்கையில் பெரியதை வைத்துக்கொண்டு சிறியதை ஒதுக்குவது எளிது. எதை விட்டாலும் கடைசி அறிக்கையை மட்டும் விடக்கூடாது. நொடிக்குப் பத்து என்ற கட்டுப்பாடு போட்ட நிரலில், கடைசித் துண்டு முந்தைய அறிக்கையை ஒட்டியே வந்தால் அதுவும் கட்டுப்பாட்டில் சிக்கி விழுந்துவிடும். கோப்பு முழுதாக இருக்கும், கோடு 99இல் இருக்கும், பிள்ளை காத்திருக்கும். மைக்ரோசாஃப்ட் 2012இல் வெளியிட்ட டாட்நெட் 4.5 இந்த அறிக்கைப் பணிக்கென்றே ‘ஐ-புரோகிரஸ்’ என்ற இடைமுகத்தைச் சேர்த்தது. அறிக்கையைத் திரையின் இழைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதை அதனுடன் வந்த வகுப்பு பார்த்துக்கொள்கிறது. எத்தனை அனுப்புவது, எதை விடுவது என்பது இன்னும் எழுதுபவர் பொறுப்பு.

வகுத்தல் கணக்கிலேயே ஒரு பழைய குழி உண்டு. வந்த பைட்டை நூறால் பெருக்கி மொத்தத்தால் வகுப்பது எல்லாருக்கும் இயல்பாக வருவது. குறியுள்ள 32 பிட் எண்ணில் அடங்கும் மிகப் பெரிய மதிப்பு 2,147,483,647. நூறால் பெருக்குவதால், வந்தது சுமார் 21.4 மெகாபைட்டைத் தாண்டியதுமே எண் நிரம்பி எதிர்மறையாகிவிடும். பாட்டை இறக்கும்போது ஒழுங்காக ஓடிய கோடு, படத்தை இறக்கும்போது பின்னால் போகும்.

பின்னால் போவது எப்போதும் பிழை என்றும் சொல்லிவிட முடியாது. 2001இல் பிராம் கோஹன் உருவாக்கிய பிட்டோரென்ட் முறையில் ஒரே கோப்பின் துண்டுகள் பல கணினிகளிலிருந்து, பல வரிசையில் வருகின்றன. ஒவ்வொரு துண்டும் வந்தபின் அதன் கைரேகை போன்ற குறியெண்ணோடு ஒத்துப் பார்க்கப்படும். ஒத்துவராத துண்டு குப்பைக்குப் போகும். வந்த மொத்தம் அந்த அளவு குறையும். கோடு பின்வாங்குவதே அங்கே உண்மை பேசுவது.

பதிவேற்றத்தில் நிலைமை இன்னும் சிக்கல். வீட்டுப்பாடத்தை ஆசிரியருக்கு அனுப்பும் மாணவரின் திரையில் கோடு நூறைத் தொட்டுவிட்டது என்றால், பல நேரங்களில் அதன் பொருள், பைட்டுகள் கைத்தொலைபேசியின் உள்ளிருக்கும் அனுப்பும் தேக்கத்துக்குப் போய்விட்டன என்பது மட்டுமே. காற்றில் ஏறினவா, வழங்கிக்குப் போய்ச் சேர்ந்தனவா என்பது வேறு கேள்வி. ‘கிடைத்தது’ என்று வழங்கி பதில் சொன்ன பிறகுதான் நூறு என்று காட்டவேண்டும். அதற்குமுன் ‘உறுதிக்காகக் காத்திருக்கிறது’ என்று எழுதலாம், இரண்டு சொல்தான்.

பதிவிறக்கத்திலும் கடைசி பைட் வந்ததும் வேலை முடிவதில்லை. லினக்ஸ் போன்ற இயக்குதளங்கள் எழுதவேண்டியதை முதலில் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, வட்டில் பின்னர் எழுதுகின்றன. பெரிய படத்தைப் பென்டிரைவுக்கு நகலெடுத்து, நூறு என்றதும் உருவியெடுத்தால், அரைகுறைக் கோப்பு மிஞ்சுவது இதனால்தான். பிறகு நச்சுநிரல் சோதனை, விரித்தல், குறியெண் ஒத்துப்பார்த்தல். உலாவிகள் முடியாத கோப்பைத் தற்காலிகப் பெயரில் வைத்திருக்கும். ஃபயர்ஃபாக்ஸில் கடைசியில் ‘பார்ட்’ என்று ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கலாம். எல்லாம் சரியானபின்பே உண்மைப் பெயர். 99இல் நிற்கும் கோட்டின் இன்னொரு பாதிக் காரணம் இங்கே இருக்கிறது: வலையின் வேலை முடிந்துவிட்டது, வட்டின் வேலை நடக்கிறது, கோட்டுக்கு முதல் வேலையை மட்டும்தான் எண்ணத் தெரியும். ‘வந்துவிட்டது, சரிபார்க்கிறேன்’ என்று மாற்றிச் சொன்னால், அந்த வீட்டில் யாரும் தரவு தீர்ந்துவிட்டதோ என்று பயந்து நிறுத்தி மறுபடி தொடங்கமாட்டார்கள். மறுபடி தொடங்குவது 120 மெகாபைட் செலவு.

இணைப்பு அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கும் எச்.டி.டி.பி. 1.1 வழி வைத்திருக்கிறது. இத்தனையாவது பைட்டிலிருந்து அனுப்பு என்று செயலி கேட்கும். வழங்கி 206 என்ற எண்ணோடு அந்தப் பகுதியை மட்டும் அனுப்பும். அப்போது கோடு ஏற்கெனவே இருப்பதையும் சேர்த்து 62இல் தொடங்கவேண்டும், ஆனால் வேகக் கணக்கு பூஜ்யத்தில் தொடங்கவேண்டும். பழைய 62 விழுக்காட்டையும் இந்த நொடியில் வந்ததாக எண்ணும் செயலிகள், தொடர்ந்த முதல் கணத்தில் நொடிக்கு 70 மெகாபைட்டுக்கும் மேல் என்று காட்டி, ஒரு நொடிக்குள் முடியும் என்று ஆசைகாட்டும்.

இடையில் ஆசிரியர் காணொளியைத் திருத்தி அதே பெயரில் மாற்றி வைத்திருந்தால்? பழைய பாதியும் புதிய பாதியும் ஒட்டிய கோப்பு ஓடாது. அதற்காகவே வழங்கி ஒவ்வொரு பதிப்புக்கும் ‘ஈ-டேக்’ என்று ஓர் அடையாளம் தருகிறது. அந்த அடையாளம் மாறாதிருந்தால் மட்டும் மீதியைக் கொடு என்று செயலி கேட்கலாம். மாறியிருந்தால் 206க்குப் பதில் 200 வரும், முழுக் கோப்பும் முதலிலிருந்து வரத் தொடங்கும். அப்போது 62இல் இருந்த கோடு பூஜ்யத்துக்குத் திரும்பத்தான் வேண்டும். திரும்புமுன் இணைப்பை நிறுத்திவைத்து ஒரு கேள்வி கேட்கலாம்: கோப்பு மாறியிருக்கிறது, 120 மெகாபைட்டும் மீண்டும் இறங்கும், இப்போதே தொடங்கவா, வைஃபை கிடைக்கும்வரை நிறுத்திவைக்கவா?